முகம் இரவல், வெள்ளி அசல்

39 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒரு வெள்ளி வில்லை. ஒரு பக்கம் அமெரிக்கப் பழங்குடி ஆண் ஒருவரின் பக்கவாட்டு முகம். பின்னிய கூந்தலில் இறகு செருகியிருக்கிறது. மறுபக்கம் திமில் புடைத்த காட்டெருமை, தலை தாழ்த்தி நிற்கிறது. 1913 முதல் 1938 வரை அமெரிக்காவில் அடிக்கப்பட்ட ஐந்து சென்ட் காசைப் பார்த்தவர்களுக்கு இரண்டும் பழகிய உருவங்கள். ஆனால் அந்தக் காசின் அகலம் 21 மில்லிமீட்டர்தான். முக்கால் பங்கு செம்பும் கால் பங்கு நிக்கலும் கலந்த அதில் மருந்துக்கும் வெள்ளி கிடையாது. இந்த வில்லையிலோ ஐந்து சென்ட் என்ற மதிப்பு இல்லை, நாட்டின் பெயர் இல்லை. அவை இருந்த இடங்களில் ஒரு ட்ராய் அவுன்ஸ் என்ற எடையும், 999 என்ற தூய்மையும் பொறித்திருக்கின்றன. இதை அடித்தது அரசு நாணயச்சாலை அல்ல, ஒரு தனியார் ஆலை. அமெரிக்க வெள்ளிச் சந்தையில் இதற்கு ரவுண்டு என்று பெயர். காட்டெருமை ரவுண்டு, மார்கன் டாலர் ரவுண்டு, நடக்கும் சுதந்திரதேவி ரவுண்டு என்று பழைய காசுகளின் முகம் பூண்டவை அங்கே ஏராளமாக விற்கின்றன. இண்டியானாவின் வின்செஸ்டரில் உள்ள சில்வர்டவுன், ஓஹையோவின் சின்சினாட்டியில் 1835-லிருந்து இயங்கும் ஆஸ்போர்ன் மின்ட் என்று இதையே தொழிலாகக் கொண்ட ஆலைகள் பல.

இதை முதன்முதலாகக் காண்பவருக்கு எழும் கேள்வி நியாயமானது: அரசு அடித்த காசின் முகத்தைத் தனியார் ஒருவர் எடுத்துத் தன் வெள்ளியில் குத்தி விற்றால், அது போலிதானே? இல்லை என்பது என் பதில். ஆனால் அந்த 'இல்லை'க்கு ஓர் எல்லை உண்டு. விற்பவர்கள் அந்த எல்லையைத் தாண்டும் இடமும் ஒன்று உண்டு. ஒரு பழைய காசில் நான்கு சரக்குகள் சேர்ந்திருக்கின்றன. ஒன்று உலோகம். இரண்டாவது, இதை இந்த மதிப்புக்கு ஏற்றுக்கொள்வேன் என்று அரசு கொடுக்கும் வாக்கு. மூன்றாவது, அந்தக் காசு கடந்து வந்த காலம்: எந்த ஆண்டில், எந்த ஆலையில் பிறந்தது, எத்தனை அழிந்து எத்தனை மிஞ்சின என்பது. நான்காவது உருவம். இந்த நான்கில் இரவல் கொடுத்தாலும் குறையாதது உருவம் ஒன்றுதான். ரவுண்டு தன் சொந்த உலோகத்தில் உருவத்தை மட்டும் இரவல் வாங்கி நிற்கிறவரை அது நாணயமான சரக்கு. அரசின் வாக்கையோ, கடந்த காலத்தையோ தன்னுடையதாகக் காட்டிக்கொள்ளத் தொடங்கும்போதுதான் கோளாறு. அரசின் வாக்கைத் திருடுவதைச் சட்டம் பார்த்துக்கொள்கிறது. 'சேகரிப்புக்குரியது' என்ற ஒட்டுத்தாளைப் போட்டுக் கடந்த காலத்தைத் திருடுவதை வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த நான்கும் ஒன்றையொன்று எவ்வளவு எளிதாகக் கைவிடும் என்பதை மார்கன் டாலரின் கதை காட்டும். இங்கிலாந்திலிருந்து வந்த ஜார்ஜ் மார்கன் என்ற செதுக்குக் கலைஞர் உருவாக்கிய அந்த டாலர், 1878-ல் பிளாண்ட்–அலிசன் சட்டத்தின் பிள்ளையாகப் பிறந்தது. மாதந்தோறும் 20 லட்சம் முதல் 40 லட்சம் டாலர் மதிப்புள்ள வெள்ளியை வாங்கிக் காசாக அடிக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் அரசைக் கட்டாயப்படுத்தியது. அதிபர் ஹேஸ் தன் தடை அதிகாரத்தைப் பயன்படுத்தியும் சட்டம் நிறைவேறிவிட்டது. மேற்கு மாநிலச் சுரங்கக்காரர்களின் செல்வாக்கு அப்படி. 26.73 கிராம் எடையுள்ள அந்தக் காசைப் பையில் சுமக்க மக்களுக்கு அவ்வளவு ஆர்வமில்லை. மூட்டை மூட்டையாகக் கருவூலக் கிடங்குகளில் கிடந்தது. முதல் உலகப் போர் அவற்றைக் கிளப்பியது. கிளப்பிய நெருக்கடி பிறந்த இடம் இந்தியா. 1918-ல் பிரிட்டிஷ் இந்திய அரசிடம் காகித ரூபாய்க்கு ஈடாகக் கொடுக்க வெள்ளி போதவில்லை என்ற பேச்சு பரவி, நோட்டை வெள்ளி ரூபாயாக மாற்றக் கூட்டம் மொய்த்தது. லண்டன் வாஷிங்டனிடம் கை நீட்டியது. நெவாடா மாநில செனட்டர் கீ பிட்மன் கொண்டுவந்த சட்டம் அந்த ஏப்ரலில் நிறைவேற, 27 கோடிக்கும் அதிகமான வெள்ளி டாலர்கள் உருக்கப்பட்டன. அவற்றில் ஏறக்குறைய 25 கோடியே 91 லட்சம் டாலர்களின் வெள்ளி பிரிட்டனுக்கு விற்கப்பட்டு இந்தியாவை நோக்கி வந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்தால், ஒரு மார்கன் டாலரில் 24 கிராம் தூய வெள்ளி. அன்றைய இந்திய ரூபாயில் 10.69 கிராம். ஒரு டாலரை உருக்கினால் இரண்டேகால் ரூபாய். பிலடெல்பியாவில் சுதந்திரதேவியாக இருந்த வெள்ளி, கல்கத்தாவிலும் பம்பாயிலும் ஐந்தாம் ஜார்ஜ் மன்னராக மறுபிறவி எடுத்தது. எந்த ஆண்டுக் காசுகள் எத்தனை உருகின என்று யாரும் எழுதி வைக்கவில்லை. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் இன்றும் ஊகத்தில்தான் காலம் தள்ளுகிறார்கள். உருக்கிய வெள்ளிக்கு ஈடாக உள்நாட்டுச் சுரங்கத்திலிருந்து அவுன்ஸ் ஒரு டாலருக்கு வாங்கிக் காசடிக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொன்னது. எனவே 1921-ல் மார்கன் டாலர் திரும்பவும் தேவைப்பட்டது. ஆனால் மூல அச்சுகளை 1910-லேயே அழித்துவிட்டிருந்தார்கள். வயோதிகரான மார்கன் தன் பழைய உருவத்தையே புதிதாக, கொஞ்சம் தட்டையாக, மறுபடி உருவாக்க வேண்டியதாயிற்று. சேகரிப்பாளர்கள் 1921-ஆம் ஆண்டுக் காசை அரை மனதோடு பார்ப்பதற்கு இந்தத் தட்டைத்தனமும் ஒரு காரணம். அதாவது, மார்கன் டாலரைப் பார்த்து உருவாக்கிய முதல் பெரிய நகல் மார்கனே செய்தது, அரசு ஆலையில், அரசு உத்தரவின்படி. உருவம் என்பது காசோடு ஒட்டிப் பிறந்த உயிர் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

இன்னும் ஒரு படி மேலே போய்ச் சொல்லலாம்: புழக்கக் காசு என்ற பிழைப்பு நல்ல உருவத்துக்கு எதிரி. காட்டெருமைக் காசு பட்ட பாடு அதற்குச் சாட்சி. அதை வடித்த ஜேம்ஸ் எர்ல் ஃப்ரேசர் டகோட்டா சமவெளியில் வளர்ந்தவர்; சிற்பி அகஸ்டஸ் செயின்ட்–கோடன்ஸிடம் உதவியாளராக இருந்தவர். அவர் மாதிரியைக் கொடுத்ததும் எதிர்ப்பு வந்தது, கலை விமர்சகர்களிடமிருந்து அல்ல, விற்பனை இயந்திரம் செய்யும் ஹாப்ஸ் என்ற கம்பெனியிடமிருந்து. தங்கள் இயந்திரம் கள்ளக்காசைக் கண்டுபிடிக்கும் முறைக்கு இந்த உருவம் ஒத்துவராது என்று அவர்கள் மாற்றத்துக்கு மேல் மாற்றம் கேட்டார்கள். மாதக்கணக்கில் இழுத்தடித்த பிறகு, கருவூலச் செயலாளர் ஃபிராங்க்ளின் மெக்வே, ஒரு கம்பெனியின் இயந்திரத்துக்காக ஓர் அழகிய காசைக் கெடுக்க முடியாது என்று முடிவெடுத்தார். வெளியே வந்த காசுக்கு வேறு எமன் காத்திருந்தான். காட்டெருமை நின்ற மேட்டின்மேல் பொறித்த மதிப்பு சீக்கிரம் தேய்ந்துபோகும் என்று தெரிந்து, அதே ஆண்டில் மேட்டை வெட்டிச் சமதளமாக்கினார்கள். பழங்குடி மனிதரின் தோளில் பொறித்த ஆண்டையோ அப்படியே விட்டுவிட்டார்கள். விளைவு, ஆண்டு முழுவதும் அழிந்துபோன காட்டெருமைக் காசுகள் இன்று கிலோக் கணக்கில் கிடைக்கின்றன. காசின் உருவத்தை 25 ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் மாற்றக் கூடாது என்று 1890-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. அந்த 25 ஆண்டு முடிந்த 1938-லேயே ஃப்ரேசரின் காட்டெருமைக்கு ஓய்வு கொடுத்து ஜெஃபர்சனை அமர்த்தினார்கள்.

பேலா லயன் பிராட் 1908-ல் செய்த இரண்டரை டாலர், ஐந்து டாலர் தங்கக் காசுகளின் கதை இதைவிட வேடிக்கை. உருவம் மேலெழும்பி நிற்பதற்குப் பதிலாகக் காசின் பரப்புக்குள் குழிந்து இருக்கும்படி அவர் செய்தார். பண்டை எகிப்தியச் சிற்ப முறையைக் காசில் கொண்டுவரலாம் என்ற யோசனை, அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டின் நண்பர் வில்லியம் ஸ்டர்ஜிஸ் பிகலோவுடையது. பிலடெல்பியாவின் பிரபல நாணய வியாபாரி சாமுவேல் சாப்மன் நேரே அதிபருக்கே கடிதம் எழுதினார்: குழிகளில் அழுக்கு சேரும், கிருமி தங்கும், காசுகள் ஒழுங்காக அடுக்க வராது, கள்ளக்காசு அடிக்கவும் எளிது. கிருமி விஷயம் அன்றைய காலத்தில் எடுபடக்கூடிய வாதம்தான். அந்தக் காசு 1929 வரை ஓடியது. அமெரிக்கப் புழக்கக் காசுகளில் அந்த முறை அதற்குப் பின் வேர்பிடிக்கவில்லை. இன்று குழிந்த பழங்குடி முகத்தோடு வெள்ளி ரவுண்டுகள் பிரபலமாக விற்கின்றன. பெட்டிக்குள் உறங்கப்போகும் வெள்ளிக்குக் கிருமிப் பயம் இல்லை. புழக்கத்தின் காரணமாக எழுந்த ஆட்சேபணைகள், புழக்கமே இல்லாத பொருளுக்கு முன்னால் செல்லாமல் போகின்றன.

உருவத்தின் பக்கம் நின்று பார்த்தால் ரவுண்டு அதற்கு ஒரு வசதியான வீடு என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. 21 மில்லிமீட்டரில் நெருக்கியடித்து நின்ற எருமைக்கு 39 மில்லிமீட்டர் கிடைக்கிறது, தேய்மானம் இல்லை, இயந்திரத் துளைக்குள் நுழைய வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் வீடு வசதியாக இருப்பதால் குடியிருப்பவர் நன்றாக இருந்துவிடுவார் என்பதில்லை. பல ஆலைகள் செய்யும் காட்டெருமைக்கு ரோமம் இருக்கிறது, கனம் இல்லை. ஃப்ரேசரின் களிமண்ணில் இருந்த கரடுமுரடு கணினியில் செதுக்கிய அச்சில் வழவழத்து, கண்ணாடிபோல் பளபளக்கும் பின்புலத்தில் எருமை மிதக்கிறது. முகத்தின் கன்ன எலும்பு மழுங்கி, எழுத்துகள் மட்டும் துல்லியமாக நிற்கின்றன. நல்ல பிரதியும் மோசமான பிரதியும் ஒரே விலைக்கு விற்பது இந்தச் சந்தையின் பலவீனம்; எடை போட்டு வாங்கும் பொருளில் கைத்திறனுக்குத் தனி விலை கேட்க முடிவதில்லை.

முதல் ஆட்சேபணைக்கு வருவோம்: இது போலி, ஏமாற்று. இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. அமெரிக்காவில் 1973-ல் இயற்றிய பொழுதுபோக்குப் பாதுகாப்புச் சட்டம், பழைய காசைப் போலச் செய்யும் எந்தப் பொருளிலும் காப்பி என்ற சொல் அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும் என்கிறது. ஆண்டை மட்டும் லேசாக மாற்றிவிட்டுத் தப்ப முடியாது என்பதை அந்நாட்டு வணிக ஆணையம் 1978-லேயே ஒரு வழக்கில் தெளிவாக்கியது. 2014-ல் சட்டம் மேலும் இறுகி, அத்தகைய பொருளுக்குத் துணைபோகும் விற்பனையாளர்களையும் பிடிக்க வழி வந்தது. நாணயமான ரவுண்டு ஆலைகள் நாட்டின் பெயரையும் மதிப்பையும் எடுத்துவிட்டு, அளவையும் மாற்றி, எடையையும் தூய்மையையும் பளிச்சென்று எழுதுவதன் காரணம் இதுதான். ஐந்து சென்ட் செம்பு–நிக்கல் காசை ஓர் அவுன்ஸ் வெள்ளியில் செய்தால் யாரும் அதை அசலென்று மயங்க வழியில்லை. மார்கன் டாலர் விஷயம் வேறு. அசல் 38.1 மில்லிமீட்டர், ரவுண்டு 39. ஆண்டும் பழைய வாசகங்களும் அப்படியே இருந்து, காப்பி என்ற சொல்லும் இல்லாவிட்டால் அதை ரவுண்டு என்று அழைக்க நான் தயாரில்லை. கள்ளக்காசுக்கு நல்ல வெள்ளி போட்டால் அது நல்ல காசாகிவிடாது.

அரசின் வாக்கைத் தொட்டால் என்ன ஆகும் என்பதற்கு பெர்னார்ட் வான் நாட்ஹவுஸ் உதாரணம். 1998-ல் லிபர்ட்டி டாலர் என்ற பெயரில் வெள்ளி வில்லைகளை வெளியிடத் தொடங்கிய அவர், அவற்றில் டாலர் குறியும் மதிப்பும் போட்டார். கடைகளில் கொடுத்து வாங்கும்படி மக்களை ஊக்கப்படுத்தினார். 2007-ல் மத்தியப் புலனாய்வுத் துறை சோதனை நடத்தியது. 2011-ல் குற்றவாளி என்று தீர்ப்பு. 2014-ல் ஆறு மாத வீட்டுக் காவல் தண்டனை. அவருடைய வில்லைகளில் இருந்தது உண்மையான வெள்ளி. வெள்ளி அசல் என்ற வாதம் அவரைக் காப்பாற்றவில்லை. காசைப் போல முகம் இருப்பது குற்றமல்ல, காசின் வேலையைப் பார்க்க வருவதுதான் குற்றம் என்ற கோடு அந்த வழக்கில் தெரிகிறது. காட்டெருமை ரவுண்டு கோட்டுக்கு இந்தப் பக்கம் பத்திரமாக நிற்கிறது.

ஒரு முகத்தை அதன் காலத்துக்கு அப்பால் கொண்டுபோவது இந்த நூற்றாண்டின் குறும்பும் அல்ல. ஆஸ்திரியாவின் மரியா தெரசா 1780-ல் இறந்தார். அந்த ஆண்டு பொறித்த அவருடைய வெள்ளித் தாலரை வியன்னா இன்றுவரை அடித்துக்கொண்டிருக்கிறது. அரேபியாவிலும் எத்தியோப்பியாவிலும் வணிகர்கள் வேறு காசை நம்பவில்லை. அரசியின் மார்புப் பதக்கத்து முத்துகளை எண்ணிப் பார்த்தே வாங்கினார்கள். அந்த நம்பிக்கைக்குத் தீனி போட ரோம், லண்டன், பாரிஸ், இரண்டாம் உலகப் போரின்போது பம்பாய் நாணயச்சாலை எல்லாமே ஆஸ்திரிய அரசியை அடித்துத் தள்ளின. நம் பக்கத்திலும் கதை உண்டு. முகலாய மன்னர் இரண்டாம் ஆலம்கீர் 1759-ல் கொல்லப்பட்டுப் பல பத்தாண்டுகள் கடந்த பிறகும், 19-ஆம் நூற்றாண்டிலும், அவர் பெயரும் ஆறாம் ஆட்சியாண்டும் பொறித்த ஆற்காட்டு ரூபாயைக் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் அடித்தது. இன்று ரவுண்டைப் போலி என்று சுட்டுபவர்கள் இவற்றையும் சேர்த்தே எடைபோட வேண்டும். தாலரும் ஆற்காட்டு ரூபாயும் பணமாகவே புழங்கின. ஆண்டைப் பற்றி அப்பட்டமாகப் பொய் சொல்லின. அவற்றோடு ஒப்பிட்டால், தன் எடையை நெற்றியில் எழுதிக்கொண்டு, பணம் என்று உரிமை கோராத ரவுண்டு அடக்கமான பொருள். தீபாவளி நேரத்தில் நம் நகைக்கடைகளில் விற்கும் விக்டோரியா, ஜார்ஜ் மன்னர் முகம் போட்ட 10 கிராம் வெள்ளிக் காசுகளும் இதே இனம்தான். பழைய ரூபாய் 11.66 கிராம், அதன் தூய்மை பன்னிரண்டில் பதினொரு பங்கு. புதியது 10 கிராம், 999. தராசில் வைத்தாலே வேறுபாடு வெளிப்பட்டுவிடும்.

அரசே இந்த வேலையை முன்னின்று செய்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. 1986 முதல் அமெரிக்க அரசு அடிக்கும் ஓர் அவுன்ஸ் சில்வர் ஈகிளின் தலைப்பக்கத்தில் இருப்பது, அடால்ஃப் வைன்மன் 1916-ல் அரை டாலருக்காகச் செய்த நடக்கும் சுதந்திரதேவி. அரை டாலரின் 30.6 மில்லிமீட்டரில் தேவியின் கைவிரல்கள் சரியாகப் பதியாமல் தட்டையாகிவந்தன, 40.6 மில்லிமீட்டரில் அவளுக்கு மூச்சுவிட இடம் கிடைத்தது. ஃப்ரேசரின் காட்டெருமையை 2001-ல் வெள்ளி நினைவுக் காசாக 5 லட்சம் அடித்தார்கள், சீக்கிரமே தீர்ந்துவிட்டன. 2006 முதல் அதே எருமை 24 காரட் தங்கத்தில் வருகிறது. 2021-ல் மார்கன் டாலரையே மீண்டும் அடித்தபோது, 1893-லேயே காசடிப்பதை நிறுத்திவிட்ட கார்சன் சிட்டி ஆலையின் எழுத்துகளையும் ஒரு பதிப்பில் அடையாளமாகப் போட்டார்கள். அது கார்சன் சிட்டியில் பிறந்த காசு அல்ல. கடந்த காலத்தை இரவல் வாங்கி விற்பதில் அரசு தனியாரைவிடத் துணிச்சலாகவே நடந்துகொள்கிறது.

வழக்கமாக ரவுண்டு ஆதரவாளர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். நான் அவர்களோடு முரண்படுவது 'சேகரிப்புக்குரியது' என்ற சொல்லில்தான். வரையறுத்த எண்ணிக்கை, வரிசை எண், பெட்டி, சான்றிதழ், செயற்கையாகக் கறுக்க வைத்த பழமை என்று ஒப்பனைகள் சேரச் சேர, ஓர் அவுன்ஸ் வெள்ளிக்கு மேலே கேட்கும் தொகை ஏறுகிறது. நம்மூர் நகைக்கடைப் பேச்சில் சொன்னால் அது செய்கூலி. செய்கூலி தவறில்லை, விற்கும்போது அது திரும்ப வரும் என்று சொல்வதுதான் தவறு. 1893-ல் சான்பிரான்சிஸ்கோவில் அடித்த மார்கன் டாலருக்குப் பெரும் விலை கிடைப்பது, அதே முகத்தோடு கோடிக்கணக்கில் காசுகள் இருக்க, அந்த ஆண்டில் அந்த ஆலையில் ஒரு லட்சம் மட்டுமே அடித்ததால். முகத்துக்கு அங்கே விலையில்லை. ஆண்டுக்கும் பூப்பக்கத்தில் உள்ள ஒற்றை எழுத்துக்கும்தான் விலை. அதுதான் ரவுண்டால் இரவல் வாங்க முடியாத சரக்கு.

உண்மையான அரிய காசுகளுக்கே அரிது என்ற பட்டம் நிலையில்லை. நியூ ஆர்லியன்ஸில் அடித்த 1903-ஆம் ஆண்டு மார்கன் டாலருக்கு 1960-களின் தொடக்கத்தில் விலைப்பட்டியலில் 1,500 டாலர் போட்டிருந்தது. அது எல்லாம் உருக்கில் போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 1962-ன் இறுதியில் பிலடெல்பியா கிடங்கிலிருந்து முத்திரை பிரிக்காத மூட்டைகள் வெளியே வந்தன. விலை சில பத்து டாலர்களுக்குச் சரிந்தது. அரசு கிடங்கில் மறந்துபோன மூட்டைகளே ஒரு விலையை இப்படிக் கவிழ்க்குமென்றால், தனியார் ஆலை தானே வைத்துக்கொண்ட அச்சின்மீதும், தானே அறிவித்த எண்ணிக்கையின்மீதும் எவ்வளவு நம்பிக்கை வைக்கலாம்? இந்த எருமை ஐயாயிரம்தான் என்று சொல்லிவிட்டு, அடுத்த ஆண்டு வலப்பக்கம் திரும்பிய எருமை ஐயாயிரம் அடிப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது. ஜோசப் சீகல் 1964-ல் தொடங்கிய ஃபிராங்க்ளின் மின்ட் அந்தக் காலத்தில் வரிசை வரிசையாக வெள்ளிப் பதக்கங்களை விற்றது. அவற்றை வாங்கிவைத்தவர்களில் பலர் 1980-ல் வெள்ளி அவுன்ஸுக்கு 50 டாலரை நெருங்கியபோதுதான் லாபம் கண்டார்கள், அதுவும் உருக்குபவரிடம் எடைக்குக் கொடுத்து. கலைக்கும் வரையறுத்த எண்ணிக்கைக்கும் சந்தை கொடுத்த மறுவிலை அவ்வளவுதான்.

ஆகவே எடைக்கு வாங்கு, முகத்தை இலவசமாக அனுபவி என்பதுதான் என் நிலைப்பாடு. அப்படி வாங்குவதற்கு ரவுண்டு நல்ல பொருள்தான். அரசு அடிக்கும் சில்வர் ஈகிளைவிடப் பொதுவாக மலிவு; வெள்ளிக் கட்டியைவிடக் கைமாற்ற எளிது. ஆனால் வெள்ளியின் போக்கைத் தெரிந்தே நுழைய வேண்டும். டெக்சாஸின் ஹன்ட் சகோதரர்கள் குவித்த குவிப்பில் 1980 ஜனவரியில் 50 டாலர் வாசலுக்குப் போன வெள்ளி, மார்ச் 27 வியாழக்கிழமை ஒரே நாளில் சரிந்து அந்தக் கிழமைக்கே வெள்ளி வியாழன் என்ற பெயர் வாங்கித் தந்தது. 2011-ல் மறுபடி அதே வாசலைத் தட்டித் திரும்பியது. அந்த உயரத்தைத் தாண்ட 2025 அக்டோபர் வரை, 45 ஆண்டுகள் பிடித்தன. இடையில் ஏறிய விலைவாசியைக் கணக்கில் எடுத்தால், 1980-ன் உச்சத்தில் வாங்கியவர் அந்த நாளிலும் முதலை மீட்டிருக்கவில்லை.

விலை ஏறும்போது கள்ளச்சரக்கும் ஏறும். ரவுண்டில் உருவம் எல்லாருக்கும் பொது என்பதால், அரசுக் காசைவிட இதில் ஏமாற்றுவது எளிது என்ற ஆட்சேபணையில் உண்மை இருக்கிறது. எருமையின் அச்சு எந்த ஆலையுடையது என்று சாமானியர் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வெள்ளியின் அடர்த்தி 10.49, செம்பின் அடர்த்தி 8.96. வெள்ளி முலாம் பூசிய செம்பில் 31.1 கிராம் வேண்டுமென்றால், அதே அகலத்தில் ஆறில் ஒரு பங்கு கூடுதல் பருமன் தேவைப்படும். எடையை நேர் செய்தால் பருமன் காட்டிக்கொடுக்கும்; பருமனை நேர் செய்தால் எடை காட்டிக்கொடுக்கும். ஈயம் கலந்து இரண்டையும் சமாளித்தால், சுண்டும்போது எழும் நீண்ட ரீங்காரம் எழாது. ஐடஹோவின் சன்ஷைன் மின்டிங் போன்ற ஆலைகள், தனி வில்லைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால் மட்டும் தெரியும் மறைகுறியைப் பொறிக்கின்றன. ஆலையின் பெயரோ குறியோ இல்லாத ரவுண்டை, எருமை எவ்வளவு அழகாக இருந்தாலும், தெரியாத ஆளிடம் வாங்காமல் இருப்பதே புத்தி.

உருவம் இரவல் கொடுத்தால் குறையாது என்ற என் அடிப்படை வாதத்துக்கு எதிராக ஒரே ஒரு ஆட்சேபணை எனக்கு உண்மையாகவே கனமாகத் தெரிகிறது. அது காசைப் பற்றியதல்ல, காசில் இருக்கும் மனிதரைப் பற்றியது. மூன்று பேரைப் பார்த்து அந்த முகத்தைச் சேர்த்ததாக ஃப்ரேசர் சொன்னார்: லகோட்டா மக்களின் அயர்ன் டெயில், ஷெயென் மக்களின் டூ மூன்ஸ், மூன்றாமவரின் பெயர் அவருக்கே நினைவில் இல்லை. அவர்களுடைய மக்களின் நிலத்தை எடுத்து, அவர்கள் உண்டு வாழ்ந்த எருமைக் கூட்டங்களை ஒழித்த அரசுதான், ஒரு தலைமுறை கழிந்ததும் அவர்கள் முகத்தைக் காசில் போட்டது. கோடிக்கணக்கில் மேய்ந்த காட்டெருமைகள் 1889-ல் வில்லியம் ஹார்னடே எடுத்த கணக்கில் ஆயிரத்துச் சொச்சமாகக் குறைந்திருந்தன. காசுக்கு மாதிரியாக நின்றதாகப் பரவலாகச் சொல்லப்படும் பிளாக் டைமண்ட் என்ற எருமை, நியூயார்க் சென்ட்ரல் பூங்காவின் விலங்குக் காட்சியில் இருந்தது. 1915-ல் அதை ஓர் இறைச்சி வியாபாரிக்கு விற்றார்கள், அவர் வெட்டித் துண்டு போட்டு அதன் பெயராலேயே விற்றார். இந்த முகத்தையும் இந்த எருமையையும் எடைக்கு விற்கும் வெள்ளியில் முடிவில்லாமல் குத்துவது, பழைய இழப்பின்மேல் இன்னொரு வியாபாரம் என்று ஒருவர் சொன்னால், பொது உடைமை உருவம் என்ற சட்டப் பதில் அதற்குப் போதாது.

அரசு 2001-ல் காட்டெருமையை மீண்டும் அடித்தபோது, ஒவ்வொரு காசுக்கும் 10 டாலர் கூடுதல் கட்டணம் வைத்து, திரண்ட தொகையை அமெரிக்கப் பழங்குடிகளுக்கான ஸ்மித்சோனியன் தேசிய அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கச் சட்டமே வழி செய்திருந்தது. 5 லட்சம் காசு, 50 லட்சம் டாலர். தனியார் ஆலைகளுக்கு அப்படி ஒரு கடமையை எந்தச் சட்டமும் விதிக்கவில்லை. வரிசை எண்ணுக்கும் சான்றிதழுக்கும் பெட்டிக்கும் கூடுதலாக வாங்கும் டாலர்களில் ஒன்றை அந்தக் கணக்கில் எழுதுவதற்கு அவர்களுக்குச் சட்டம் தேவையுமில்லை.